ஏரியில் ஒன்று இருக்கிறது

சிம்பாங் அம்பாட்
11-2-1934

என் அன்புத் தங்கை சலேஹாவுக்கு, உன் குணவதி அக்கா எழுதிக்கொள்வது.

நானும் என் வீட்டுக்காரர் பக்கிரிசாமியும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரர் முகம்மது சுல்தான் தம்பியும் உன் மாமியாரும் அப்படியே இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நீ அனுப்பிய பேரீச்சம்பழம் வந்தது. தோட்டத்து லய வீடுகளின் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, கடைசியில் எனக்குக் கொட்டைகளைத் தந்தார்கள்.

உன் கடிதத்தில் ஒரு கோபம் இருந்தது. "நீ மரமும் வானமுமாகப் பார்க்கிறாய், எனக்கு மாடி ஜன்னலில் எதிர்வீட்டு ஓடும், அதற்கு மேலே கைக்குட்டை அகலத்துக்குக் கடலும்தான் தெரிகிறது. அங்கே பார்ப்பதை எழுதினால் குறைந்தா போவாய்?" என்று கேட்டிருந்தாய். சரி, எழுதுகிறேன். பிறகு கடிதம் நீளம் என்று குறை சொல்லாதே.

லயத்துக்குப் பின்னால், ரப்பர் பால்மரங்கள் முடிகிற இடத்தில் ஓர் ஏரி இருக்கிறது. மலாய்க்காரர்கள் தாசேக் லாமா என்பார்கள், பழைய ஏரி என்று அர்த்தம். நாங்கள் வெறுமனே தாசேக் என்போம். பார்த்தால் தண்ணீர் கறுப்பு. கையில் அள்ளினால் தெளிவு. பொழுது சாயும் நேரத்தில் பெண்கள் நாங்கள் அங்கே குளிக்கப் போவோம். விடிந்ததிலிருந்து மரம் சீவி உடம்பெல்லாம் பால் வாடை அடிக்கும் இல்லையா, அது போகும்வரை தண்ணீரிலேயே கிடப்போம். அந்த நேரத்தில் எங்களுக்குச் சமையல் இல்லை, வாளி இல்லை, யாருடைய விசிலும் இல்லை. ஒருத்தி பாட்டை ஆரம்பிப்பாள், அக்கரை மரங்கள் அதைத் திருப்பிச் சொல்லும். நான் மல்லாந்து மிதந்துகொண்டு, மேகம் நகர்கிறதா நான் நகர்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

தோட்ட ஆபீசில் கணக்கு எழுதப் புதுக் கிராணி ஒருவர் வந்திருக்கிறார். மிகவும் அக்கறையுள்ள மனிதர். நாங்கள் குளிக்கிற நேரம் பார்த்து, ஒரு நாள் தவறாமல் சைக்கிளில் வந்து ஏரியின் தண்ணீர் அளவைப் பார்த்துவிட்டுப் போவார்.

இப்போது புதுச் செய்தியைக் கேள். ஏரியில் ஒன்று இருக்கிறது. எங்கள் லயத்துப் பெண் ஜெயலெட்சுமிதான் முதலில் பார்த்தாள். தென்னை மரத்தடி பருமனில் கறுப்பாக ஒரு முதுகு எழுந்து, மெதுவாகத் தாழ்ந்ததாம். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து ஒரு முனகல். அதை நானே கேட்டேன். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் இருக்கிற பெரியவர் ஒருவர், அது நாகா, பெரிய நீர்ப்பாம்பு, அவருடைய பாட்டன் காலத்திலிருந்தே அடியில் தூங்குகிறது, இப்போது யாரோ எழுப்பிவிட்டார்கள் என்கிறார். பெண்களை ஒன்றும் செய்யாதாம். ஆண் வாடைதான் ஆகாதாம். அதற்கேற்ற மாதிரி கிராணி ஐயாவின் சைக்கிள் மறுநாள் ஏரிக்குள்ளே கிடந்தது. அதிலிருந்து அவர் தண்ணீர் அளவு பார்க்க வருவதில்லை.

பயப்படாதே. பதில் எழுது.

அன்புள்ள அக்கா,
குணவதி


சூலியா தெரு, பினாங்கு
20-2-1934

என் கண்ணான குணாக்காவுக்கு, சலேஹா ஆயிரம் சலாமோடு எழுதுவது.

ஆண்டவன் காவலில் நாங்கள் எல்லாரும் சுகம். உன்னைப் பற்றித்தான் கவலை.

உன் கடிதம் மச்சானுடைய, அதுதான் உன் சுல்தான் தம்பியுடைய, விளக்குக் கடைக்கு வந்தது. இந்த வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கடிதம் எனக்கென்று வந்தாலும் அது வீட்டுக்கே வந்ததுதான். மஃரிப் தொழுகை முடிந்ததும் மாமி வெற்றிலைத் தட்டோடு உட்காருவார்கள், மச்சான் உரக்க வாசிப்பார்கள். பேரீச்சங்கொட்டை வந்த இடத்தில் எல்லாரும் சிரித்தோம். அந்தக் கறுப்பு முதுகு வந்த இடத்தில் மாமி பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். "திருப்பி வாசிலா" என்றார்கள். மச்சான் திருப்பி வாசித்தார்கள். சைக்கிளை மட்டும் மூன்றாவது முறையும் வாசிக்கச் சொன்னார்கள்.

மச்சான் சிரிக்கவில்லை அக்கா. இங்கிலீஷ் பேப்பரில் இதே கதைதான் ஓடுகிறதாம். ஸ்காட்லாந்து தேசத்தில் லாக் நெஸ் என்று ஓர் ஏரியாம். அதிலும் ஒன்று இருக்கிறதாம். வெள்ளைக்காரர்களே கரையில் நாற்காலி போட்டுக் காத்துக்கிடக்கிறார்களாம். படித்த தேசத்திலேயே இருக்கும்போது சிம்பாங் அம்பாட்டில் ஏன் இருக்காது?

அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் உன் ஏரிதான் வருகிறது. நீ மல்லாந்து மிதக்கிறாய், அடியில் அது உன்னோடு கூடவே மெதுவாக நகர்கிறது. நான் கரையில் நின்று கூப்பிடுகிறேன், வாயில் சத்தம் வரவில்லை. நாம் அடுத்தடுத்த வீட்டில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குவார், நீ படகுத்துறை ஜெட்டிப் பலகைக்குக் கீழே முங்கி அந்தப் பக்கம் எழுந்திருப்பாய். நீ எழும்வரை நான் படியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுவேன். இன்றைக்கும் அப்படித்தான் அழுகிறேன், ஊரைக் கூட்டாமல்.

என் மேல் ஆணை, அந்த ஏரியில் இறங்காதே. கிணற்றில் இரண்டு வாளி ஊற்றிக்கொள். பெண்களை ஒன்றும் செய்யாது என்று அதனிடம் யார் எழுதி வாங்கினார்கள்?

என்றும் உன்,
சலேஹா


சிம்பாங் அம்பாட்
18-3-1934

அன்புத் தங்கை சலேஹாவுக்கு,

உன் கடிதம் ஆபீஸ் வழியாகக் கிடைத்தது. எங்கள் கிராணி ஐயாவும் உன் கடிதத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஸ்காட்லாந்து ஏரி எங்கே இருக்கிறது என்று தோட்டத் துரையிடம் விசாரித்தாராம். இப்போது அவருக்குச் சாயங்காலமெல்லாம் ஆபீசுக்குள்ளேயே நிறைய வேலை.

நீ வைத்த ஆணையைத் திருப்பி எடுத்துக்கொள். கிணற்றுத் தண்ணீரில் பால் வாடை போகாது. அதோடு எங்களுக்கும் அதற்கும் ஓர் உடன்பாடு ஆகிவிட்டது. இறங்கும்போது பாடுவோம், வந்திருப்பது பெண்கள்தான் என்று அது தெரிந்துகொள்ளும். முன்பெல்லாம் ஒருத்தி குளிக்க ஒருத்தி காவல் நிற்போம். இப்போது எல்லாரும் சேர்ந்தே இறங்குகிறோம். ஜெயலெட்சுமி முன்பு கழுத்துவரை தண்ணீரில் ஒளிந்து நிற்பாள், இப்போது தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்து பாடுகிறாள். வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறமாகும்போது நீ அவளைப் பார்க்க வேண்டும்.

அதன் புகழைக் கேட்டால் சிரிப்பாய். கரையோரம் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிற சீனக் கிழவர் அதை மழைக்கு அதிபதி என்கிறார், காலையும் மாலையும் ஊதுபத்தி கொளுத்துகிறார். மலாய்க்காரர்கள் அவித்த முட்டையும் மஞ்சள் சோறும் வைக்கிறார்கள். நம்மவர்களில் சிலர் முனி என்று சேவல் நேர்ந்திருக்கிறார்கள். மோட்டார் பஸ் கண்டக்டர் ஹனீபா, ஆட்கள் இறங்கும்போது, "தாசேக், தாசேக், நாகா பாக்கிறவங்க இங்க எறங்குலா" என்று கூவுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நிபோங் திபாலிலிருந்துகூடக் குடும்பம் குடும்பமாக வந்து, எதிர்க்கரையில் பாய் விரித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றையும் காணாமல் சந்தோஷமாகத் திரும்புகிறார்கள். பொழுது சாயத் தொடங்கியதும் ஆண்கள் தாமாகவே எழுந்து போய்விடுகிறார்கள்.

ஆக, என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். பிறந்ததிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

அன்புள்ள,
குணவதி


சூலியா தெரு, பினாங்கு
20-5-1934

என் உயிரான குணாக்காவுக்கு,

சந்தோஷச் செய்தி! உட்கார்ந்துகொண்டு படி.

அந்த ஸ்காட்லாந்து மிருகத்தின் படம் பேப்பரில் வந்துவிட்டது. மச்சான் கொண்டுவந்து காட்டினார்கள். தண்ணீரிலிருந்து கழுத்து மட்டும் நீளமாக எழுந்து நிற்கிறது. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது என்னா, கொடைப்புடி மாரி இருக்கு" என்றார்கள். நானோ உன் கால்மாட்டில் அந்தக் கழுத்து கிடக்கிறது என்று நினைத்தேன், அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மச்சானுக்கு என் அழுகை தாங்காது. "என்ன செய்யணும் சொல்லு" என்றார்கள். "அதைச் சுட்டுக் கொல்லணும்" என்றேன்.

மச்சான் கடையில் டார்ச் விளக்கு வாங்குகிற துரை ஒருவர் இருக்கிறார். கெடாக் காட்டில் புலி வேட்டை ஆடுகிறவர். மச்சான் உன் கடிதங்களில் இருப்பதை அவரிடம் சொன்னார்களாம். துரைக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம், அவ்வளவு ஆசை. உன் தோட்டத் துரைக்கும் எழுதி அனுமதி வாங்கிவிட்டார். ஜூன் மாதம் பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆட்களோடு வருகிறார். துப்பாக்கிக்கு அகப்படாவிட்டால் வெடிமருந்து வைத்து ஏரியைக் கலக்குவார்களாம். அதற்கும் அகப்படாவிட்டால் கரையை வெட்டித் தண்ணீரை வடித்துவிடுவார்களாம்.

இனி நீ பாட்டுப் பாடி அதனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை அக்கா. அன்றைக்கு ஜெட்டியில் அழ மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கு உனக்காக ஒரு காரியம் செய்துவிட்டேன்.

உன்,
சலேஹா


சிம்பாங் அம்பாட்
27-5-1934

சலேஹா,

இதை வடிவம்மாள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எங்கள் லயத்துக்காரி. வெற்றிலைக் கூடையோடு பெர்ரிப் படகு ஏறி உங்கள் பக்கம் விற்க வருகிறவள். உன் கையில்தான் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வாசித்துவிட்டு அடுப்பில் போடு.

அடி மண்டு! ஏரியில் ஒன்றும் இல்லை. கெளுத்தி மீன்தான் இருக்கிறது.

என் கடிதம் உன் புருஷன் வாசிக்க, உன் மாமியார் கேட்கப் போகிறது. உன் கடிதம் கிராணி பிரித்துப் பார்த்த பிறகு எனக்கு வருகிறது. நடுவில் நாம் இருவரும் எங்கே பேசுவது? ஜெட்டிப் படியில் வளர்ந்தவள், நான் எழுதாததையும் புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். நீயோ எழுதியதை எழுத்துக்கு எழுத்து நம்பினாய். உன் மேல் கோபம் கோபமாக வருகிறது, அதைவிட அதிகமாக அழுகை வருகிறது. எனக்காக இப்படிப் பயப்பட உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

நடந்தது இதுதான். அந்தக் கிராணி தினமும் வந்து நிற்பான். முதலில் தூரத்தில் நின்றான், பிறகு கரைக்கே வந்தான். ஒரு நாள் ஜெயலெட்சுமியின் சேலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நீயே வந்து வாங்கிக்க" என்று சிரித்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண் கழுத்துவரை தண்ணீரில் நின்று நடுங்கினாள். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று அவளை மறைத்துக்கொண்டோம். அவன் சலித்துப் போய்ச் சேலையைத் தண்ணீரில் வீசிவிட்டுப் போகும்வரை அப்படியே நின்றோம்.

யாரிடம் சொல்வது? துரையிடம் போனால் கிராணி சொல் நிற்குமா, கூலிக்காரி சொல் நிற்குமா? ஆண்களிடம் சொன்னால் கத்தியை எடுப்பார்கள், பிறகு ஜெயிலுக்குப் போவார்கள். கம்பத்துப் பெரியவரின் நாகா கதை எங்களுக்குத் தெரியும். அதை இரவல் வாங்கினோம். அந்தக் கறுப்பு முதுகு என்னுடையதுதான், மேலே ஒரு தார்ச் சாக்கைப் போர்த்தியிருந்தேன். முனகலும் நான்தான். பால் வாளியைத் தண்ணீரில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அதற்குள் வாய் வைத்து ஊதிப் பார், உனக்கே பயமாக இருக்கும். சைக்கிளைத் தள்ளியது வடிவம்மாள்.

எங்களுக்கு ஒரு நாளில் அந்தக் கொஞ்ச நேரம்தான் சொந்தம் சலேஹா. துரை வந்து சுட்டாலும், கலக்கினாலும், ஒன்றுமில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். மறுநாள் சாயங்காலம் அவன் கரையில் நிற்பான். தண்ணீரை வடித்துவிட்டால் அதுவும் இல்லை. நீ ஆரம்பித்ததை நீதான் நிறுத்த வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

குணவதி


சூலியா தெரு, பினாங்கு
3-6-1934

குணாக்கா,

போன தடவை உன் கடிதம் தந்த வடிவம்மாள் இன்று மறுபடியும் வந்திருக்கிறாள், அவளை அடுப்படிப் பக்கம் உட்கார வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வெற்றிலை பேரம் பேசுகிறேன் என்று மாமி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னை நீ செருப்பால் அடித்திருக்கலாம். உன் கடிதத்தைப் படித்து முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு சாக்கைப் போர்த்திக்கொண்டு நீ மிதப்பதை நினைத்துச் சிரித்தேன். பிறகு அந்தச் சேலையை நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

மச்சானிடம் உண்மையைச் சொல்ல முடியாது. நல்ல மனிதர்தான், ஆனால் வாயில் எதுவும் தங்காது. துரையிடம் சொல்வார், துரை உன் தோட்டத் துரையிடம் சொல்வார், அது கிராணிக்குப் போகும். சுடவேண்டாம் என்று நான் சொன்னால், "போன மாசம் அழுதது நீதானே" என்பார். இந்த வீட்டில் மச்சான் மறுபேச்சில்லாமல் கேட்பது ஒருவர் சொல்லைத்தான். அது மாமி. மாமி என்றால் எனக்கு இன்னும் நடுக்கம். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள். ஹபீபா பீவி சொல்லிவிட்டார்கள் என்றால் பள்ளிவாசலிலேயே எழுந்து நிற்பார்கள்.

ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. ஜூன் பதின்மூன்று ஒடுக்கத்துப் புதன். ஸஃபர் மாதக் கடைசிப் புதன்கிழமை எங்கள் பெண்கள் பீடை கழியத் தலைமுழுகுகிற நாள். வருஷத்தில் அன்றைக்கு மட்டும்தான் இந்த வீட்டுப் பெண்கள் தண்ணீரைப் பக்கத்தில் பார்ப்போம். வழக்கமாகத் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குப் போவோம். அங்கே மோட்டாரும் கூட்டமும் கொட்டு மேளமுமாக இருக்கும், முழங்கால் நனைந்தால் அதிகம். நேற்று மாமி காதில் மெதுவாகப் போட்டேன்: "இந்த வருசம் அந்த ஏரிக்கே போனா என்னா மாமி? சுடறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடலாமே." மாமி என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு, "மோட்டார் புடிக்கச் சொல்லு" என்றார்கள்.

அக்கா, மாமியைக் கரைவரைக்கும் நான் கொண்டுவந்துவிடுவேன். அதற்குப் பிறகு உன் கையில்தான் இருக்கிறது. மாமி அதைப் பார்க்க வேண்டும். பார்த்து, அது பொல்லாதது இல்லை என்று நம்ப வேண்டும்.

உன் மண்டு,
சலேஹா


சூலியா தெரு, பினாங்கு
19-6-1934

என் குணாக்காவுக்கு,

இதுவும் வடிவம்மாள் கையில்தான் வருகிறது. நீ தண்ணீருக்கு அடியில் இருந்தாய், கரையில் நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஒடுக்கத்துப் புதன் வழக்கப்படி, மாவிலையில் எழுதிய ஏழு ஸலாம் வசனங்களையும் கழுவிக் குடித்துவிட்டுக் கிளம்பி ஏரிக்கு வந்து சேர்ந்தோம். கடலைப்போல அது நம்மை நோக்கி வரவில்லை அக்கா. நாம் வரட்டும் என்று காத்திருந்தது. மச்சானும் மோட்டார்க்காரரும் பால்மரங்களுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்கள். வேடிக்கை பார்க்க உங்கள் கிராணியும் அங்கே வந்து நின்றான். உங்கள் பெண்கள் பாடிக்கொண்டே எங்கள் கையைப் பிடித்து இறக்கினார்கள். கால் தரையை விட்ட அந்த நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நாலு சுவருக்குள் இருந்த உடம்பு எனக்குக் கனமே இல்லாமல் போய்விட்டது. மேலே பார்த்தேன், ஒரே ஒரு மேகம். அது நகர்கிறதா நான் நகர்கிறேனா என்று எனக்கும் தெரியவில்லை.

மாமி இடுப்பளவில் நின்றார்கள். பிறகு கழுத்தளவுக்குப் போனார்கள். பிறகு, யாரும் பிடிக்காமல், அப்படியே சாய்ந்து மிதந்துவிட்டார்கள்! அந்தப் பெரிய உடம்பு தாமரை இலைபோலக் கிடந்தது. கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு மருமகளாக வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. அப்போதுதான் நீ போனாய் போலிருக்கிறது. முனகல் கேட்டது. கறுப்பாக ஒன்று எழுந்து தாழ்ந்தது. மாமி "யா அல்லாஹ்!" என்று போட்ட சத்தத்தில் மரத்துப் பறவை எல்லாம் எழும்பிவிட்டது.

மச்சான் பதறிப்போய், "உம்மா! என்னா ஆச்சு?" என்று கத்தினார்கள். மாமி நிதானமாகக் கரையேறி, போர்வையைச் சுற்றிக்கொண்டு, மரங்களுக்கு இந்தப் பக்கமே நின்று சொன்னார்கள்: "ஒண்ணும் ஆவல. அது இருக்கு. என் கால தொட்டு சலாம் சொல்லிட்டுப் போச்சு. பொம்பளைங்களுக்குக் காவலா ஆண்டவன் வச்சிருக்கிற படைப்பு. அது மேல ஒருத்தன் துப்பாக்கி தூக்குனான், இந்தக் கைல சாப்புட்ட சோறு அவனுக்கு ஹராம். ஒன் தொரைக்கிட்டப் போய்ச் சொல்லு."

அதோடு விட்டார்களா? "அங்க சைக்கிளோட நிக்கிற தம்பி யாரு?" என்றார்கள். "இந்தத் தோட்டத்துக் கிராணிங்கம்மா" என்று அவனே சொன்னான். "ஓ, நீங்கதானா? அது ஒங்களத்தான் தேடுது. கொஞ்சம் தள்ளியே இருங்க தம்பி" என்றார்கள். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

துரை வரவில்லை. சாமி விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று உங்கள் தோட்டத் துரையே சொல்லிவிட்டாராம். மாமி மாதாமாதம் நெய்ச்சோறு அனுப்பப்போவதாகச் சொல்கிறார்கள். ஆண்கள் கை படாமல் பெண்களே கரையில் பங்கிட வேண்டுமாம்.

இனிதான் முக்கியமான செய்தி. திரும்பி வரும்போது பெர்ரியில் மாமியும் நானும் ஒரு பெஞ்சில் இருந்தோம். மாமி கடலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்கள்: "புள்ள, ஒங்க பாம்பு கண்ணாடி வளையல் போட்டிருக்கு. கால்ல கீறிடுச்சு."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்தச் சேலை உள்பட. கடைசியில், "தெரிஞ்சும் ஏன் மாமி அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். மாமி போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "எங்க காலத்துல எங்களுக்கு இப்படி ஒரு பாம்பு இல்லாமப் போச்சேலா" என்றார்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஏறியவர்கள் பினாங்கு ஜெட்டி வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த ஒடுக்கத்துப் புதனுக்கும் எனக்கு இடம் வைத்திரு. வளையலை மட்டும் கழற்றிவிடு.

உன் தங்கை,
சலேஹா


நிபோங் திபால்
12-8-1934

அன்புத் தங்கை சலேஹாவுக்கு, அக்கா எழுதுவது.

மேலே ஊர் மாறியிருப்பதைப் பார்த்து நீ பதறுவாய். பதறாதே. இந்தத் தோட்டத்தில் கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை என்று சொல்கிறார்கள். இருந்தாலும் சுல்தான் தம்பி உரக்க வாசிப்பதற்கு முன்னால் மாமி ஒரு தடவை பார்த்துவிடட்டும்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடினான் என்று நீ எழுதினாயே, அந்த வேகம் தீர்ந்த பிறகு கிராணிக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் நான்தான் மூலம் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டான், உன் கடிதமெல்லாம் என் பேருக்குத்தானே வந்தது. பக்கிரிசாமி சீவின மரத்தில் காயம் என்றான், பாலில் தண்ணீர் என்றான். கடைசியில் எங்கள் இருவர் பேரையும் ஆள் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். சட்டி பானையோடு இங்கே வந்து சேர்ந்தோம். இதற்கும் நீ ஒரு மூச்சு அழுவாய் என்று தெரியும். உன்னால்தான் என்று மட்டும் சொல்லாதே. நீ இல்லாவிட்டால் ஏரியே இன்றைக்கு இருந்திருக்காது.

வடிவம்மாள் போன வாரம் வந்து போனாள். அங்கே எல்லாம் அப்படியே நடக்கிறதாம். மாமியின் நெய்ச்சோறு தவறாமல் வருகிறதாம். ஜெயலெட்சுமி முங்கப் பழகிவிட்டாளாம், என்னைவிட நன்றாக முனகுகிறாளாம். கிராணி ஆபீசைவிட்டு வெளியே வருவதில்லையாம். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏரி அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது. எனக்குத்தான் இல்லாமல் போய்விட்டது. வடிவம்மாள் போன பிறகு, அடுப்பில் புகை என்று சொல்லிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

இங்கே ஏரி கிடையாது. லயத்துக்குப் பின்னால் ஆற்றின் கை ஒன்று தேங்கிக் கிடக்கிறது. நேற்றுப் பொழுது சாயும்போது பெண்கள் குளிக்கக் கிளம்பினார்கள். நானும் கூடப் போனேன். புது ஆள் என்று என் பக்கத்தில் வந்து ஒருத்தி, வயதில் என்னைவிடச் சின்னவள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அக்கா, ஒங்க வீட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லி வச்சிருங்க. இந்த நேரத்துல ஆம்பளைங்க யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. தண்ணில ஒண்ணு இருக்கு."

"என்னம்மா இருக்கு?" என்றேன்.

"சிம்பாங் அம்பாட் பக்கமிருந்து ஆத்து வழியா வந்திருக்கு. நெசமாலா. சைக்கிள முழுசா முழுங்கிடுமாம். பினாங்குல ஒரு பெரிய ஹஜ்ஜியம்மாவுக்குக் கால தொட்டு சலாம் சொல்லிச்சாம். அதுக்குக் கண்ணாடி வளையல்கூட இருக்குதாம். தண்ணிக்கு அடியில வளையல் சத்தம் கேட்டா, நாம பயப்படாம எறங்கலாம்னு அர்த்தம்."

வளையல் சங்கதியை யார் வெளியே விட்டது என்று உன் மாமியிடம் நான் கேட்கப்போவதில்லை.

மற்றவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் நம்புகிறேனா என்று. நான் துணிமணி கட்டி வழி விசாரித்து வந்து சேர்வதற்குள் அது எனக்கு முன்னால் இங்கே வந்து காத்திருக்கிறது.

"பாத்தா எப்படியிருக்கும் அது?" என்று கேட்டேன்.

அவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நான் ஒன்றையும் திருத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே அவர்களோடு தண்ணீரில் இறங்கினேன். வளையலைக் கழற்றவில்லை.

அன்புள்ள அக்கா,
குணவதி